இ.எஸ்.ஐ. பதிவில் மகளையும் மாமியாரையும் சேர்க்க முடியுமா? தடைக்கால மாதங்கள் எப்படிக் கணக்காகும்?

கேள்வி: மண்டபத்துக்காரி

அனைவருக்கும் வணக்கம். மண்டபத்தில் இறாலும் கணவாயும் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலிருந்து வேலை பார்க்கிறேன். சரக்கு வந்து இறங்குவது முதல் பெட்டி கட்டிக் குளிர் அறைக்குள் போவது வரை எடைக் கணக்கு எழுதுவது என் பொறுப்பு. மாதச் சம்பளம் 16,400 ரூபாய், அதில் இ.எஸ்.ஐ. எனும் ஊழியர் அரசுக் காப்பீட்டுக்கென்று 123 ரூபாய் பிடித்துக்கொள்கிறார்கள். வேலையில் சேர்ந்த அன்று ஆதார் நகலையும் வங்கிப் புத்தக நகலையும் வாங்கிக்கொண்டு ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். சில நாட்களில் பத்து இலக்க எண் ஒன்று குறுஞ்செய்தியில் வந்தது. வீட்டில் உள்ள எல்லோருக்கும் இனி வைத்தியச் செலவு பற்றிக் கவலை இல்லை என்று நானாகவே எண்ணிக்கொண்டேன்.

சென்ற வாரம் மகளுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்ததால் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு அழைத்துப் போனேன். சீட்டுப் பதிவு செய்யும் அம்மா என் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். குடும்ப விவரம் என்ற இடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. அதிலும் என் கணவரின் பெயர் பாதியாகவும், பிறந்த தேதி ஜனவரி 1 என்றும் பதிவாகியிருந்தது. பிள்ளைகள் பெயர் எதுவும் இல்லை. ‘இங்கே எங்களால் எதுவும் சேர்க்க இயலாது, கம்பெனியில் போய்க் கேளுங்கள்’ என்று அவர் பொறுமையாகத்தான் சொன்னார். கம்பெனி எழுத்தரிடம் கேட்டதற்கு, பதினெட்டு வயது தாண்டிய பிள்ளைகளைச் சேர்க்க முடியாது என்றும், பெண் ஊழியரின் கணக்கில் கணவரைச் சேர்த்ததே சலுகைதான் என்றும் சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

என் வீட்டு நிலவரம் இது. கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். கடலுக்குப் போனால்தான் வருமானம். மகளுக்கு 23 வயது, படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள், திருமணம் ஆகவில்லை. மகனுக்கு 19 வயது, மதுரையில் விடுதியில் தங்கிப் பாலிடெக்னிக் படிக்கிறான். மாமியாருக்கு 66 வயது. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உண்டு. முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் தவிர வேறு வருமானம் இல்லை. என் தாயார் தங்கச்சிமடத்தில் என் அண்ணனுடன் இருக்கிறார்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. மீன்பிடித் தடைக்காலத்தில் கம்பெனியில் சரக்கு இல்லாததால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்களைச் சம்பளம் இல்லாமல் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அந்த நாட்களுக்கு இ.எஸ்.ஐ. கட்டவில்லை. இதனால் உரிமை ஏதும் போய்விடுமா? யாரை எல்லாம் சேர்க்கலாம், யாரிடம் எந்தத் தாளைக் கொடுக்க வேண்டும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: சம்பளப் பட்டியல்காரன்

சகோதரி அவர்களுக்கு வணக்கம். இராமநாதபுரத்தில் ஒரு ஐஸ் கம்பெனிக்கும் இரண்டு கடைகளுக்கும் மாதாமாதம் இ.எஸ்.ஐ., பி.எஃப். பதிவேற்றும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். உங்கள் எழுத்தர் செய்திருப்பது எங்கள் தொழிலில் வழக்கமாக நடக்கும் சோம்பேறித்தனம் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். புதிய ஆளைப் பதியும்போது குடும்ப விவரப் பக்கத்தை நிரப்பாமலும் எண் கிடைத்துவிடும் என்பதால், அவசரத்தில் ஒரு பெயரைப் போட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள். பிறந்த தேதி தெரியாத இடத்தில் ஜனவரி 1 போடுவதும் அதே வகைதான்.

சட்டம் அவர் சொல்வது போல இல்லை. 1948ஆம் ஆண்டின் ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் குடும்பம் என்பதற்கு விளக்கம் சொல்லும்போது, ஆண் ஊழியர் என்றோ பெண் ஊழியர் என்றோ பிரிக்காமல் வாழ்க்கைத் துணை என்றே சொல்கிறது. துணைவர் சம்பாதிக்கிறாரா இல்லையா என்ற கேள்வியும் அங்கே எழுவதில்லை. ஆகவே படகில் பங்கு வாங்கும் உங்கள் கணவர் உங்கள் குடும்பத்தில் உரிமையோடு வருகிறார். அது யாரும் கொடுத்த சலுகை அன்று.

பிள்ளைகள் விஷயத்தில் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை உங்களைச் சார்ந்திருந்தால் போதும். அதற்கு மேற்பட்ட வயதில், உங்கள் வருமானத்தையே முழுக்க நம்பியிருந்து படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு 21 வயது வரை உரிமை உண்டு. எனவே 19 வயது மகன் இப்போது வரலாம். 21 முடிந்ததும் படிப்பு முடியாவிட்டாலும் விலக வேண்டியிருக்கும். மணமாகாத மகளுக்கு வயது வரம்பே கிடையாது. அவர் உங்கள் வருமானத்தை முழுக்கச் சார்ந்திருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. நாளைக்கு அவருக்கு வேலை கிடைத்துச் சம்பளம் வாங்கத் தொடங்கினால் பெயரை நீக்கிவிடுங்கள். உடல் அல்லது மனக் குறைபாட்டால் சார்ந்திருக்கும் பிள்ளைக்கும் அந்தக் குறைபாடு நீடிக்கும் வரை வயது வரம்பு இல்லை. உங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லாவிட்டாலும், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும் என்பதற்காக எழுதுகிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். குடும்ப உறுப்பினரைச் சேர்க்கவும் நீக்கவும் படிவம் 2 என்று ஒன்று இருக்கிறது. அதை நிரப்பி, ஒவ்வொருவருடைய ஆதார் நகல், ரேஷன் ஸ்மார்ட் கார்டு நகல், மகனுக்குக் கல்லூரியிலிருந்து படிப்புச் சான்று ஆகியவற்றை இணைத்துக் கம்பெனியில் கொடுங்கள். கொடுக்கும்போது இரண்டாவது பிரதியில் தேதி போட்டுக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த இரண்டாவது பிரதிதான் பின்னால் பேசும். கம்பெனி இழுத்தடித்தால் அதே தாள்களோடு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு நேரில் போகலாம், அல்லது 1800-11-2526 என்ற கட்டணமில்லா எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம்.

பெயர் எழுத்து விஷயத்தில்தான் நம் கரையோர ஊர்களில் அதிகம் சிக்கல் வருகிறது. ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, பள்ளியில் எழுதியது ஒன்று என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். ஒரு தாளில் அந்தோணி, இன்னொன்றில் அந்தோனி. ஒன்றில் தகப்பன் பெயர் முதலெழுத்தாக முன்னால், இன்னொன்றில் முழுப்பெயராகப் பின்னால். இ.எஸ்.ஐ. பதிவில் ஆதாரில் உள்ளது எப்படியோ அப்படியே ஒரு புள்ளி கூட மாறாமல் எழுதச் சொல்லுங்கள். ஆதாரே தவறாக இருந்தால் முதலில் அதைத் திருத்திவிட்டு வருவதுதான் நல்லது. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றப் போனால் இரண்டும் சிக்கிக்கொள்ளும்.

இன்னொரு கட்டத்தை யாரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்கும் ‘காப்பீட்டாளருடன் வசிக்கிறாரா’ என்று ஒரு கேள்வி வரும். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ‘ஆம்’ போட்டுவிடுவார்கள். உங்கள் மகன் மதுரையில் இருக்கிறான் அல்லவா? அவனுக்கு ‘இல்லை’ என்று போட்டு மாவட்டத்தையும் குறிப்பிட்டால், அங்கேயே ஒரு மருந்தகத்தை ஒதுக்க வழி உண்டு. இல்லாவிட்டால் பையனுக்குக் காய்ச்சல் வந்தாலும் உங்கள் மருந்தகத்துக்குத்தான் சீட்டுப் பேசும்.

எல்லாம் ஏறியதும் இ-பெஹ்சான் எனும் இ.எஸ்.ஐ. அடையாள அட்டையைப் பதிவிறக்கி, குடும்பப் புகைப்படம் ஒட்டி, கம்பெனியின் கையொப்பமும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2: தொண்டி, ஓய்வுபெற்ற எழுத்தர்

மேலே நண்பர் தெளிவாகவே எழுதிவிட்டார். நான் ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். மாமியாரைச் சேர்க்க இயலாது. பெற்றோர் என்றால் சொந்தத் தாய் தந்தையர் மட்டுமே. நான் வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ பெண்கள் வந்து கேட்டிருக்கிறார்கள்; கணவர் வீட்டில் வாழ்கிற பெண் தன் மாமியாருக்கு மருந்து வாங்க முடியாது, எங்கோ இருக்கும் தன் தாய்க்கு வாங்கலாம் என்றால் அவர்களுக்கு அது விளங்கவே விளங்காது. எனக்கும் அது சரியென்று பட்டதில்லை. ஆனாலும் விதி அதுதான் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

சொந்தத் தாயாரைச் சேர்ப்பதானால், அவருக்கு எல்லா வழியிலும் வரும் வருமானம் சேர்த்து மாதம் 9,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதோடு அவர் உங்களைச் சார்ந்தவராகவும் இருக்க வேண்டும். அண்ணன் வீட்டில் அண்ணன் பராமரிப்பில் இருப்பவரை உங்களைச் சார்ந்தவர் என்று எழுதிக் கொடுப்பதற்கு முன் ஒரு முறை யோசித்துக்கொள்ளுங்கள். அந்தப் படிவத்தின் அடியில் நீங்கள் போடும் கையெழுத்து உறுதிமொழிக்குச் சமம்.

பதில் 3: கீழக்கரை வாசகி

ஐயா அவர்கள் சொல்வது அவர் பணியில் இருந்த காலத்துக்கு முழுக்கச் சரி. இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2020ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், மற்ற மூன்று தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களோடு சேர்ந்து 2025 நவம்பர் 21 அன்று, பழைய 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்தது. அதில் குடும்பம் என்பதன் விளக்கத்தில் சார்ந்திருக்கும் பெற்றோர் என்று சொல்லும் இடத்தில், பெண் ஊழியரின் மாமனார் மாமியாரும் அதில் அடங்குவர் என்று சேர்த்திருக்கிறார்கள். ஆண் ஊழியரின் மாமனார் மாமியாருக்கு இது பொருந்தாது. பெண்ணுக்கு மட்டும் கொடுத்திருப்பதன் காரணம் நம் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. படுத்துக் கிடக்கும் மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் ஒருவழியாகக் கவனித்திருக்கிறார்கள்.

வருமான வரம்பு மாமியாருக்கும் உண்டு. இதுவரை பின்பற்றப்பட்டு வருவது ஐயா குறிப்பிட்ட 9,000 ரூபாய். முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் மட்டும் வாங்கும் உங்கள் மாமியார் அதற்கு வெகு கீழே இருக்கிறார். ஆகவே படிவம் 2இல் அவர் பெயரையும் தயங்காமல் எழுதுங்கள். உறவு முறை என்ற இடத்தில் மாமியார் என்றே எழுதுங்கள். தாய் என்று எழுதி உள்ளே நுழைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். நாளைக்குப் பெரிய வைத்தியத்துக்குப் பரிந்துரை கேட்கும்போது ஆதாரில் வேறு விவரம் தெரிந்தால் மொத்தப் பதிவும் சந்தேகத்துக்கு உள்ளாகும். கம்பெனியோ கிளை அலுவலகமோ ஏற்க மறுத்தால், வாய்ப்பேச்சாக விடாமல், இன்ன சட்டத்தின் இன்ன விளக்கத்தின்படி கோருகிறேன் என்று ஒரு கடிதம் எழுதி, மறுப்பை எழுத்தில் தரும்படி கேளுங்கள். எங்கள் ஊரில் தனியார் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கும் என் உறவுக்காரப் பெண்ணிடம் முதலில் அலுவலகத்தில் இல்லவே இல்லை என்றார்கள். எழுதித் தாருங்கள் என்று கேட்டதும், விசாரித்துச் சொல்கிறோம் என்று குரல் இறங்கியது.

இதற்கிடையில் உங்கள் மாமியாரின் மாத்திரைக்காக இ.எஸ்.ஐ.யை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிறார்கள். அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. உங்கள் சம்பளமே ஆண்டுக்கு அதைத் தாண்டுவது போலத் தெரிகிறது என்பதால் உங்களுக்கு அது கிடைப்பது கடினம். மாமியாருக்குத் தனியாக ஸ்மார்ட் கார்டு இருந்தால் நிலைமை வேறு. இரண்டு திட்டங்களுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்: முதலமைச்சர் காப்பீடு பட்டியலில் உள்ள அறுவை சிகிச்சைகளுக்கும் மருத்துவமனையில் சேர்ந்து பார்க்கும் சிகிச்சைகளுக்கும் உதவும், காய்ச்சல், இருமல், அன்றாட மாத்திரை ஆகியவற்றுக்கு உதவாது. இ.எஸ்.ஐ.யில் அந்த அன்றாட வைத்தியமும் சேர்ந்தே வருகிறது. 123 ரூபாய்க்கு அதுவும் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பதில் 4: சம்பளப் பட்டியல்காரன்

கீழக்கரை சகோதரிக்கு நன்றி. மாமியார் விஷயம் எனக்கும் புதிதாகத் தெளிவாயிற்று. அவசரத்தில் தடைக்காலக் கேள்விக்குப் பதில் எழுதாமல் விட்டுவிட்டேன். உண்மையில் உங்கள் கேள்வியில் மிகவும் முக்கியமான பகுதி அதுதான்.

இ.எஸ்.ஐ.யில் ஆண்டை இரண்டு சந்தாக் காலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒன்று. அதில் கட்டிய சந்தாவுக்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை இன்னொன்று. அதன் பலன் ஜூலை முதல் டிசம்பர் வரை. ஒரு சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா விழுந்திருக்க வேண்டும். நீங்கள் சென்ற அக்டோபர் முதல் மார்ச் வரை முழுதாக வேலை பார்த்திருப்பதால், இந்த டிசம்பர் வரை உங்களுக்கும் குடும்பத்துக்கும் வைத்தியத்தில் தடை ஒன்றும் வராது.

அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்கு இந்த ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான நாட்களைப் பார்ப்பார்கள். மாதச் சம்பளக்காரர் என்பதால் சம்பளம் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளும் கணக்கில் சேரும். ஏப்ரலில் 14, ஜூனில் 16, ஜூலையில் 31, ஆகஸ்டில் 31, செப்டம்பரில் 30 என்று மொத்தம் 122 நாட்கள் ஆகின்றன. 61 நாள் தடைக்காலத்தைக் கழித்தும் 78ஐ எளிதாகத் தாண்டிவிடுகிறீர்கள்.

ஆனால் அந்த மே மாதத்தைக் கம்பெனி எப்படிப் பதிவு செய்தது என்பதைக் கட்டாயம் பாருங்கள். ஓர் ஊழியருக்கு அந்த மாதம் வேலை நாள் பூஜ்யம் என்று போட்டால், காரணம் என்ன என்று இணையதளம் கேட்கும். விடுப்பில் இருக்கிறார், வேலை இல்லை, வேலையை விட்டு விலகினார் என்று வரிசையாகப் பல காரணங்கள் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தடைக்காலத்துக்குப் பொருத்தமானது ‘வேலை இல்லை’ என்பது. எங்கள் தொழிலில் சிலர் கை போன போக்கில் ‘விலகினார்’ என்பதை அழுத்திவிடுவார்கள். அப்படி அழுத்தினால் அந்த ஊழியர் கம்பெனியின் பட்டியலிலிருந்தே போய்விடுவார். ஜூனில் திரும்ப வரும்போது பழைய எண்ணை மறுபடி இணைப்பதற்குப் பதில் புதிதாக ஒரு எண் எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. அதைவிடப் பெரிய வினை வேறில்லை. இ.எஸ்.ஐ. எண் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் ஒன்றுதான். கம்பெனி மாறினாலும் அதே எண்தான். இரண்டு எண் ஆகிவிட்டால் சந்தா நாட்கள் இரண்டாகப் பிரிந்து, எந்தப் பக்கமும் 78 தேறாமல் போகலாம். உங்கள் எண்ணை வைத்து இ.எஸ்.ஐ. இணையதளத்தில் காப்பீட்டாளர் பகுதிக்குள் நுழைந்தால் மாதவாரியாக எத்தனை நாள், எவ்வளவு சம்பளம், எவ்வளவு சந்தா என்பது தெரியும். உங்கள் கணக்கில் உங்கள் பங்கு 0.75 சதவீதமான 123 ரூபாயும், கம்பெனியின் பங்கு 3.25 சதவீதமான 533 ரூபாயும் சேர்ந்து விழுந்திருக்க வேண்டும். ஒரு மாதத்துச் சந்தாவை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பதால், பிடித்த பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

பதில் 5: பாம்பன் தம்பி

அக்காவுக்கு 122 நாள் வருகிறது, நல்லது. எங்கள் அம்மா போன்றவர்கள் நிலைமையையும் இங்கே பதிவு செய்ய வேண்டும் என்று தோன்றியது. அம்மா இறால் உரிக்கப் போகிறவர். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. விசைப்படகுகள் வாரம் முழுக்கக் கடலுக்குப் போவதில்லை. ஆகவே சரக்கும் வாரத்தில் நான்கு நாள் வந்தால் அதிகம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை 108 நாட்கள் இருந்தாலும், வாரம் நான்கு நாள் என்று கணக்கிட்டால் 62 நாள் அளவுக்குத்தான் வருகிறது. ஏப்ரல் முதல் இரண்டு வாரத்தில் ஒரு 8 நாள். மொத்தம் 70. எட்டு நாள் குறைகிறது. அந்த எட்டு நாளுக்காக அடுத்த ஆறு மாதம் கையில் அட்டை இருந்தும் வைத்தியத்துக்கு உதவாமல் போகலாம். அக்டோபர் முதல் மார்ச் வரை சிக்கல் வருவதில்லை, தடைக்காலம் விழும் அரையாண்டில்தான் ஒவ்வொரு வருடமும் இழுபறி. தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகள் கடலுக்குப் போவதால் நண்டுக் கம்பெனியில் ஓரளவு வேலை இருக்கும். சென்ற முறை அம்மா மே மாதம் அங்கே போய் நாளைத் தேற்றிக்கொண்டார். அங்கேயும் பழைய எண்ணையே கொடுத்ததால் இரண்டு கம்பெனி நாட்களும் ஒன்றாகச் சேர்ந்தன. எண்ணைக் கேட்காமல் புதிதாகப் பதியப் பார்த்தார்கள். அம்மாதான் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பழைய சீட்டை எடுத்துக் காட்டினார்.

பதில் 6: சம்பளப் பட்டியல்காரன்

தம்பியின் தாயாருக்கு என் வணக்கம். சரியாகச் செய்திருக்கிறார். கிலோக் கூலி என்றாலும் அந்த நாளுக்குச் சந்தா விழ வேண்டும். வருகைப் பதிவேட்டில் அந்த நாள் எழுதப்படுகிறதா என்பதை உரிக்கும் பெண்கள் வாரம் ஒருமுறையாவது பார்த்துக்கொள்வது நல்லது. கூலி கையில் வந்துவிட்டது என்று திருப்தியாகப் போய்விட்டால் நாள் ஏறாது.

பதில் 7: இராமேஸ்வரம், விடுதி மேலாளர்

இன்னொரு முனையில் உள்ளவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. இ.எஸ்.ஐ.க்கு மாதச் சம்பள வரம்பு 2017 ஜனவரி முதல் 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. எனக்குச் சென்ற ஆண்டு ஜூலையில் சம்பளம் உயர்ந்து வரம்பைத் தாண்டியது. உடனே பிடித்தம் நிற்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை, அந்தச் சந்தாக் காலம் முடியும் செப்டம்பர் 30 வரை பிடித்தார்கள். அந்தச் சந்தாவின் பலனாக இந்த ஜூன் வரை வைத்தியமும் தொடர்ந்தது. இப்போது எங்கள் விடுதி நிர்வாகம் எடுத்திருக்கும் குழுக் காப்பீட்டில் இருக்கிறேன். அதில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் மட்டும் உண்டு. பெற்றோரைச் சேர்க்கத் தனியாகப் பிரீமியம் கேட்கிறார்கள். புதிதாகத் திருமணமானாலோ குழந்தை பிறந்தாலோ முப்பது நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும், தவறினால் அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்க வேண்டும் என்று எங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழித்துப் பெயர் சூட்டியபின் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்த ஒருவர் எங்கள் விடுதியிலேயே ஏமாந்தார். பெயர் வைக்காத குழந்தையையும் இன்னாருடைய குழந்தை என்று எழுதிச் சேர்க்கலாம்.

மீண்டும்: மண்டபத்துக்காரி

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. தொண்டி ஐயாவுக்கும் தனியாக நன்றி. என் தாயாரைப் பற்றி அவர் சொன்னதை யோசித்தேன். அண்ணன் சொந்தமாகப் படகு வைத்து அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார் என்பதால் அவர் பெயரை எழுதவில்லை.

நேற்று வேலை முடிந்ததும் இணையதளத்தில் பார்த்தேன். மே மாதத்துக்கு நேரே ‘வேலை இல்லை’ என்றுதான் இருந்தது, மனம் நிம்மதியானது. ஆனால் ஜூன் மாதத்தில் 16 நாளுக்குப் பதில் 14 நாள் என்று ஏறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிட்டார்கள் போலிருக்கிறது. சம்பளமோ 16 நாளுக்கும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். அதற்கும் சேர்த்து ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்.

இன்று காலை படிவம் 2இல் கணவரின் பெயரை ஆதாரில் உள்ளபடி திருத்தியும், மகள், மகன், மாமியார் மூவரையும் சேர்த்தும் கொடுத்தேன். மகனுக்கு ‘உடன் வசிக்கவில்லை, மதுரை மாவட்டம்’ என்று எழுதினேன். எழுத்தர் மாமியார் என்ற வரியில் விரலை வைத்து இது போகாது என்றார். கீழக்கரை சகோதரி சொன்னபடியே, போகாது என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்று கேட்டேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, இரண்டாவது பிரதியில் முத்திரை குத்தித் தேதி போட்டுக் கொடுத்துவிட்டார்.

புகைப்படம் மட்டும்தான் பாக்கி. கணவர் நாளைக் காலை கரைக்கு வருகிறார். மகனும் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான். மாமியார் இப்போதே எந்தச் சேலையைக் கட்டுவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கிளை அலுவலகம் மாமியார் பெயரை ஏற்றுக்கொண்டதா என்பது தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.